பாலம் தாண்டி ஒரு வீடு: பினாங்குத் தீவை விட்டுப் போகும் தமிழ்க் குடும்பங்கள்

மலேசியாவின் பினாங்கில் பழைய ஆட்கள் "ஊருக்குப் போறேன்" என்று சொன்னால் தமிழ்நாட்டுக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். என் பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், அங்கேயே பால் வெட்டியவர். நாகப்பட்டினம் கப்பலில் ஒரே ஒரு முறைதான் போய் வந்தார். ஆனாலும் கடைசிவரை அவருக்கு ஊர் என்றால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம்தான். பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற இடத்தை அவர் 'தோட்டம்' என்றுதான் சொல்வார். மலாய்க்காரர்கள் குடியிருந்தது 'கம்பம்'. நமக்கென்று இந்த நாட்டில் இருக்கும் கிராமத்துக்கு அவர் வாயில் ஒரு பெயர் இருக்கவில்லை.

இப்போது தீவில் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து உட்கார்ந்தால் வாடகைப் பேச்சு வருகிறது. அப்புறம் யாராவது ஒருவர், "பேசாம நாட்டுப்புறமா போயிடலாம்" என்கிறார். என்னுடன் வேலை செய்யும் மலாய் நண்பர் இதைச் சொன்னால் அவருக்குப் போக ஒரு வீடு இருக்கிறது. தாத்தா வைத்த டுரியான் மரமும் இருக்கிறது. சீன நண்பர்கள் சிலருக்குப் புதுக்கிராமத்தில் பெற்றோர் வீடு இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குத் திரும்பிப் போக அப்படி ஓர் இடம் கிடையாது. நாம் போவது புதிதாகக் குடியேறத்தான். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான் தீவை விட்டுப் போவதன் லாப நட்டம் சரியாகப் புரியும்.

தமிழர்கள் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைக்குக் கூட்டம் கூட்டமாக வந்தது 19ஆம் நூற்றாண்டில், கரும்புத் தோட்டங்களுக்கு. பத்து காவான், கலிடோனியா, பைராம் எல்லாம் அந்தக் காலத்துப் பெயர்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது. மூன்று பயிர் மாறியும் ஒன்று மாறவில்லை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும். சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க ஆரம்பித்தன. வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். நூறு வருடம் உழைத்த இடத்தில் ஒரு அடி மண்கூட உழைத்தவர் பெயரில் இருக்கவில்லை. அன்றைய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதனால்தான். தொழிலாளிகள் மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குப் பணம் கட்டி, விலைக்கு வரும் தோட்டங்களைத் தாங்களே வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். சங்கம் சில தோட்டங்களை வாங்கவும் செய்தது. விற்பனைக்கு வந்த எல்லாவற்றையும் வாங்க அதனால் முடியவில்லை.

தோட்டம் விட்டவர்கள் டவுனுக்கு வந்தார்கள். என் அப்பாவும் அப்படித்தான் வந்தார். துறைமுக வேலை. குவின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கடைவீட்டு மாடியில் ஓர் அறை. கீழே மிளகாய் அரைக்கும் கடை. வாடகை 35 வெள்ளி (ரிங்கிட்). நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அந்த 35 ஏறவே இல்லை. அப்பாவின் சாமர்த்தியம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். உண்மையில் அது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வேலை. 1948 தொடக்கத்துக்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிப்போட்டு வைத்திருந்தது. நாட்டில் அப்படிப்பட்ட கட்டடங்கள் மிக அதிகமாக இருந்த நகரங்களில் ஒன்று ஜார்ஜ் டவுன். கடைத்தெருவில் பூக்கட்டியவர், நகைப்பட்டறை வைத்திருந்தவர், மூட்டை தூக்கியவர் எல்லாரும் நகரத்தின் நடுவிலேயே குடியிருக்க முடிந்தது அதனால்தான்.

வீட்டுக்காரர்கள் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 35 வெள்ளி வாடகையில் யாரும் ஓடு மாற்ற முடியாது. எங்கள் அறையில் மழைக்கு மூன்று வாளி வைப்போம். 1997இல் அந்தச் சட்டத்தை நீக்கும் சட்டம் நிறைவேறியது. இடையில் கொஞ்சம் அவகாசம் கொடுத்து, 2000 ஜனவரி 1 முதல் வாடகை முழுதும் சந்தை விலைக்குப் போனது. எங்களிடம் 400 கேட்டார்கள். அந்தத் தெருவில் ஒரே வருடத்தில் எத்தனை வீட்டுச் சாமான்கள் லோரியில் ஏறின என்பது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமானது. அதற்காகப் பெருமைப்பட்டேன், இன்றும் படுகிறேன். ஆனால் கட்டடத்தைக் காப்பாற்றும் பட்டியல் அதில் குடியிருக்கும் ஆட்களைக் காப்பாற்றாது. கடைவீடுகள் சின்ன ஹோட்டல்களாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. லிட்டில் இந்தியாவில் மாலை நேரக் கூட்டம் இன்றும் இருக்கிறது. அங்கே கடை வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் இரவில் அங்கேயே தூங்குகிறார்கள் என்று போய்க் கேட்டுப் பாருங்கள்.

இதே காலத்தில்தான் குளுகோரில் கம்போங் புவா பாலா விவகாரம் நடந்தது. மாடு வளர்த்து, பொங்கல் வைத்து, தீவில் ஒரு தமிழ்க் கிராமம் என்று சொல்லக்கூடியதாக இருந்த இடம் அது. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களிடம் நிலப் பத்திரம் இல்லை. நிலம் கைமாறியது, வழக்கு தோற்றது, 2009இல் வீடுகள் இடிக்கப்பட்டன. எத்தனை காலம் வாழ்ந்தோம் என்பதற்கு நில அலுவலகத்தில் மதிப்பு கிடையாது என்பதை நாங்கள் எல்லாரும் அன்று பார்த்தோம்.

தோட்டம், வாடகை அறை, புவா பாலா மூன்றிலும் நம்மை வெளியேற்றியது ஒரே விஷயம்தான். இடம் வேறொருவர் பெயரில் இருந்தது. அதனால் இன்றைக்குத் தீவை விட்டுப் போக நினைக்கும் குடும்பம் "அங்கே எவ்வளவு மலிவு?" என்பதைவிட முன்னால் "அங்கே என் பெயருக்கு என்ன வரும்?" என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, யார் எங்கே போகிறார்கள்? யாரும் தீவிலிருந்து ஒரே தாவலில் கிராமத்துக்குப் போவதில்லை. முதலில் பாலம் தாண்டி பிறை, புக்கிட் மெர்தாஜம். அங்கேயும் விலை ஏறிய பிறகு தெற்கே சுங்கை பாக்காப், நிபோங் திபால். கிரியான் ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலம். பாரிட் புந்தார், பாகான் செராய், இன்னும் கீழே கமுண்டிங், தைப்பிங். கிழக்கிலும் வடக்கிலும் போனால் கெடா. கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி. இந்த ஊர்களில் எல்லாம் பழைய தோட்டத் தமிழர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கோயில் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது, மளிகைக் கடையில் முருங்கைக்கீரை கிடைக்கிறது. நம் ஆட்கள் இந்தப் பாதையிலேயே போவதற்கு இதுதான் காரணம். மாநில மக்களில் பாதிக்கு மேல் இப்போது பெருநிலத்தில்தான் இருக்கிறார்கள் என்பதையும் தீவுக்காரர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

விலை எப்படி நகர்கிறது என்று பார்க்க பத்து காவானைப் பார்த்தால் போதும். தோட்டமாக இருந்த இடம். 2014 மார்ச்சில் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் அங்கே வந்து இறங்கியது. தொழிற்பேட்டை வந்தது, 2019இல் ஐகியா வந்தது. இன்று அங்கே புதிய வீடு வாங்குவது சாதாரணச் சம்பளக்காரருக்கு எளிதில்லை. மலிவைத் தேடிப் போகிறவர்கள் பின்னாலேயே சாலையும் வரும், சாலை வந்தால் விலையும் வரும். சொந்தமாக வாங்கியவருக்கு அது நல்ல சேதி. வாடகைக்குப் போனவருக்கு அது 2000ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் மறுபடியும்.

இனி கணக்கு. ஊரார் கணக்கு எனக்குத் தெரியாது, என் வீட்டுக் கணக்கையே வைக்கிறேன். ஜெலுத்தோங்கில் மூன்று அறை அடுக்குமாடிக்கு 1,200 வெள்ளி வாடகை கொடுத்துக்கொண்டிருந்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு மோட்டாரில் போய்வர மாதம் 40 வெள்ளி பெட்ரோல். ஆக 1,240. சுங்கை பாக்காப்பில் பழைய ஒரு மாடித் தொடர்வீடு வாங்கினேன், வங்கித் தவணை 980. காரில் வேலைக்குப் போனால் இரண்டாவது பாலத்தில் தீவுக்குப் போகும் பக்கம் மட்டும் 7 வெள்ளி டோல். 22 நாளுக்கு 154. ஒரு நாளைக்குப் போய்வர ஏறக்குறைய 80 கிலோமீட்டர். மாதம் 125 லிட்டர் பெட்ரோல். 2025 செப்டம்பர் இறுதியில் வந்த 1.99 வெள்ளி விலையில் அது 250. கூட்டினால் 1,384. அதாவது மலிவு தேடிப் போய் மாதம் 144 வெள்ளி அதிகம் செலவு செய்தேன். முதல் ஆறு மாதம் என் மனைவி இந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார், அவர் கணக்கில் தப்பு இல்லை.

அப்புறம் மோட்டாருக்கு மாறினேன். 2019 ஜனவரி முதல் இரண்டு பாலங்களிலும் மோட்டாருக்கு டோல் கிடையாது. பெட்ரோல் 88 வெள்ளிக்குள் முடிந்தது. மொத்தம் 1,068. இப்போது 172 வெள்ளி மிச்சம். ஆனால் கடல் நடுவில் பாலத்தின் மேல் காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும்போது மோட்டார் ஓட்டுவது என்ன என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். அந்த 172க்கு உடம்பு ஒரு விலை கொடுக்கிறது. ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் தூக்கக் கண்ணோடு இதைச் செய்யாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ரயில் உண்டே என்று கேட்கலாம். பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே போகும் கொம்யூட்டர் சிம்பாங் அம்பாட், நிபோங் திபால், பாரிட் புந்தார், பாகான் செராய், தைப்பிங் எல்லாவற்றிலும் நிற்கிறது. ஜார்ஜ் டவுனில் கடை வேலை, அலுவலக வேலை பார்ப்பவருக்கு ரயிலும் ஃபெரிப் படகும் சேர்ந்து ஒத்துவரும், நேரம் பொருந்தினால். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். பாயான் லெப்பாஸ் ஷிப்ட் வேலைக்கு ரயில் உதவாது.

தீவு வேலையை அப்படியே விட்டுவிட்டு அங்கேயே வேலை தேடலாமா? குறைந்தபட்சச் சம்பளத்தில் இருப்பவருக்கு இது நல்ல யோசனை. 2020இல் நகரத்துக்கு 1,200, மற்ற இடங்களுக்கு 1,100 என்று இரண்டு விதமாக வைத்திருந்தார்கள். 2022இல் அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது நாடு முழுக்க 1,700. நிபோங் திபாலில் 1,700 வாங்குபவர் ஜெலுத்தோங்கில் 1,700 வாங்குபவரைவிட நிச்சயம் நன்றாக வாழலாம். 3,500, 4,000 வாங்கும் டெக்னீஷியனுக்கு அந்தச் சம்பளம் சின்ன ஊரில் கிடைக்காது. கூலிம் ஹைடெக் பார்க், பத்து காவான் தொழிற்பேட்டை இரண்டில் ஒன்றில் இடம் பிடித்துவிட்டு வீடு தேடுவதுதான் அவருக்குச் சரியான வரிசை.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காக. நிலம்.

பினாங்கு மாநில எல்லையைத் தாண்டினால் நிலச் சட்டத்தில் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்பது பினாங்கில் இல்லை, பேராக்கிலும் கெடாவிலும் உண்டு. பேராக்கில் அதன் வேர் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு மாற்ற முடியாது. தீவில் வளர்ந்தவருக்கு இது பழக்கமில்லாத விஷயம். வயல் ஓரம், ஆற்றங்கரை, தென்னை மரம், நம்ப முடியாத மலிவு விலை என்று யாராவது படம் அனுப்பினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். "பெயர் மட்டும் அவருடையது, இடம் உங்களுடையது" என்று வாய்ப்பேச்சில் ஏற்பாடு செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டம் அதை ஏற்காது. கொடுத்த பணம் திரும்ப வருவதும் கஷ்டம்.

இரண்டாவது, டி.ஓ.எல். தற்காலிகக் குடியிருப்பு உரிமம். அரசாங்க நிலத்தில் இருந்துகொள்ள வருடா வருடம் புதுப்பித்துத் தரும் அனுமதி அது. அதை விற்க முடியாது, இன்னொருவருக்கு மாற்ற முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் அன்றோடு முடிந்தது. நல்ல செங்கல் வீடாகக் கட்டி, கேட் போட்டு, ஐந்து பேர் சாட்சிக் கையெழுத்துடன் "விற்கிறேன்" என்று கொடுத்தாலும் உங்கள் கைக்கு வருவது கட்டடத்தின் சாவி மட்டும்தான்.

மூன்றாவதுதான் இப்போது அதிகம் நடக்கிறது. ஒரு பெரிய விவசாய நிலத்தை வாங்கி, இருபது முப்பது துண்டாகக் கோடு போட்டு, "லாட்" என்று விற்கிறார்கள். தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்குக் கீழ், அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கருக்குக் கீழ், பிரித்துத் தனிக் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) எடுக்க முடியாது. அப்படியென்றால் ஐயாயிரம் சதுர அடி 'லாட்' வாங்கியவருக்கு என்ன கிடைக்கிறது? ஒரே கிராண்டில் இருபது பெயரில் ஒரு பெயர். எந்த மூலை உங்களுடையது என்று அந்தக் கிராண்ட் சொல்லாது. பத்தொன்பது பேரில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் உங்கள் காரியம் நின்றுவிடும். வங்கி வீட்டுக் கடன் கொடுக்கத் தயங்கும். சொந்தக்காரர் குடியிருக்க விவசாய நிலத்தில் வீட்டுக்கு இடமுண்டு என்றாலும் நகராண்மைக் கழகத்தின் கட்டட அனுமதி தனியாக வேண்டும். நிலத்தின் உபயோகத்தையே மாற்ற வேண்டுமென்றால் மாநில அரசிடம் விண்ணப்பித்து, பிரீமியம் கட்டி, காத்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த மாவட்ட நில அலுவலகத்தில் 'சாரியான்', அதாவது நிலப் பதிவு விவரம், எடுப்பது. கிராண்ட் எண்ணைக் கொடுத்தால் யார் பெயர், எந்த வகை நிலம், நிரந்தரமா குத்தகையா, குத்தகை என்றால் எத்தனை வருடம் பாக்கி, அடமானம் உண்டா, ஒதுக்கீட்டு நிலமா, எல்லாம் ஒரு தாளில் வந்துவிடும். கிராண்ட் எண்ணைக் கொடுக்கத் தயங்குகிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். என்னைக் கேட்டால், தோட்டத்து வாழ்க்கை வேண்டும் என்று ஆசை இருந்தாலும் முதலில் சின்ன ஊரில் ஒரு பழைய தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடு, தனிக் கிராண்ட்டுடன். ஊழியர் சேமநிதியில் செஜாத்ரா கணக்குப் பணத்தை வீட்டுக்கு எடுக்கலாம். கோழி வளர்ப்பதும் வாழை வைப்பதும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். கிராண்டில் மனைவி பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அப்பா பெயரிலேயே கிடந்து அண்ணன் தம்பி சண்டையில் பாழாய்ப் போன வீடுகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன.

இன்னொன்று, வீட்டைப் பார்க்க வெயில் காலத்தில் மட்டும் போகாதீர்கள். அக்டோபர், நவம்பர் மழையில் ஒரு முறை போங்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்த வெள்ளம் தீவையும் செபராங் பிறையையும் சேர்த்து மூழ்கடித்தது. அந்த இரவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டில் கேட்டால் சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை நிற்கிறது என்பதையும் அதே வீட்டில் கேட்டுவிடுங்கள்.

வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஆஸ்பத்திரியைப் பற்றி முதலிலேயே யோசிக்க வேண்டும். நாட்டில் நீரிழிவு அதிகம் இருப்பது இந்தியர்களிடம்தான். பல வீடுகளில் ஒருவராவது டயாலிசிஸ் போகிறார். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சாதாரணக் காய்ச்சலுக்கு அரசாங்கக் கிளினிக் எல்லா ஊரிலும் இருக்கிறது, ஒரு வெள்ளிதான். சுங்கை பாக்காப்பிலும் பாரிட் புந்தாரிலும் ஆஸ்பத்திரியே உண்டு. டயாலிசிஸ் நாற்காலி காலியாக இருக்கிறதா என்பது வேறு விஷயம். அதை விசாரித்து இடம் உறுதியான பிறகுதான் வீட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

பெண்கள் படும் பாட்டை யாரும் சொல்வதில்லை. கணவர் காரை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் போய்விட்டால், பஸ் அரிதாக வரும் தாமானில் மனைவி நாள் முழுக்க அடைந்து கிடக்கிறார். தீவில் அடுக்குமாடியில் கீழே இறங்கினால் கடை, கிளினிக், பேச்சுத் துணை எல்லாம் இருந்தது. என் மனைவி முதல் வருடம் நிறைய அழுதார். லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய மோட்டார் வாங்கி, பக்கத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பெண்கள் குழுவில் சேர்ந்த பிறகுதான் அவருக்கு அந்த இடம் பிடித்தது. வீடு மாறும் செலவில் மனைவியின் லைசென்ஸ் பணத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பள்ளிக்கூடம். இந்த நாட்டில் தமிழ்க் கல்வி தொடங்கியதே பினாங்கில்தான், 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில். இன்று நிபோங் திபால், சுங்கை பாக்காப் சுற்றுவட்டாரத்தில் லாடாங் சங்காட், லாடாங் பைராம், லாடாங் டிரான்ஸ்கிரியான், லாடாங் வால்டோர் என்று தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டத்து மக்கள் பெரும்பாலோர் போய்விட்டார்கள், தோட்டம் என்று பொருள்படும் 'லாடாங்' என்ற மலாய்ச் சொல் பெயர்ப்பலகையில் நிற்கிறது. 150 பேருக்குக் கீழ் மாணவர் இருந்தால் கல்வி அமைச்சு அதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கணக்கில் வைக்கிறது. நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளிகளில் பெரும் பங்கு அந்த வகையில்தான் வருகிறது. சில பள்ளிகளில் ஒரு வகுப்பில் ஐந்து பேர், ஆறு பேர். என் மகளை ஒன்றாம் ஆண்டில் சேர்க்கப் போன அன்று தலைமையாசிரியர் எழுந்து வந்து கைகொடுத்தார். தீவில் இருந்தால் அவள் முப்பது பேரில் ஒருத்தி. இங்கே அவள் வகுப்பில் ஒன்பதாவது பிள்ளை. பாட்டி பால் வெட்டிய தோட்டம் அந்தப் பள்ளியிலிருந்து மோட்டாரில் பத்து நிமிடம். இப்போது முழுக்கச் செம்பனை. அடுத்த வருடப் பதிவுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி என் தம்பி குடும்பத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் இன்னும் தீவில் ஆயர் ஈத்தாமில் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள்.